இதயமுடுக்கி பொருத்திய பின் தொடரும் நெஞ்சு உபாதைகள்

இதயத் துடிப்பு மிகவும் குறைந்தவர்களுக்கு அதைச் சீராக்க உடலுக்குள் பொருத்தப்படும் சிறு மின்கருவி இதயமுடுக்கி ஆகும். பேஸ்மேக்கர் என்ற பெயரே மக்களிடம் வழக்கில் உள்ளது. இதைப் பொருத்திக்கொண்ட சிலருக்கு நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல், தலைசுற்றல் ஆகியவை தொடரலாம், புதிதாகவும் தோன்றலாம்.

கருவியின் வேலை

காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் கருவி வைக்கப்படுகிறது. அதிலிருந்து செல்லும் கம்பி இரத்தநாளம் வழியாக இதயத்தை அடைந்து, துடிப்பு தவறும்போது மின்தூண்டல் தருகிறது. இரத்தக்குழாய் அடைப்பை இக்கருவி நீக்குவதில்லை. மோட்டாருக்கு மின்சாரம் சரியாக வந்தாலும் குழாய் அடைத்திருந்தால் தண்ணீர் வராது அல்லவா? அதைப் போன்றதே இதுவும். ஆகவே, பேஸ்மேக்கர் இருப்பதால் மாரடைப்பு வராது என்று எண்ணுவது தவறு.

1958 அக்டோபர் 8 அன்று சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகின் முதல் உட்பொருத்தும் இதயமுடுக்கி வைக்கப்பட்டது. அது சில மணி நேரமே இயங்கியது. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றப்பட்டு, அவர் 2001 வரை வாழ்ந்தார். கருவியில் குறை ஏற்பட்டாலும் சரிசெய்ய இயலும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

காரணங்கள்

* புண் வலி: தையல் போட்ட இடத்தில் சில நாள் முதல் சில வாரம் வரை வலி இருப்பது இயல்பு.
* தொற்று: அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடாக இருத்தல், சீழ், காய்ச்சல். பல மாதங்கள் கழித்தும் வரலாம்.
* கம்பி விலகல்: முதல் சில வாரங்களில் நேரலாம். பழைய மயக்கம் திரும்பும். சிலருக்கு விடாத விக்கல் வரும்.
* கம்பி துளைத்தல், நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்தல்: அரிதானவை. மூச்சை இழுக்கும்போது குத்தும் வலி, மூச்சுத்திணறல் இருக்கும்.
* பேஸ்மேக்கர் நோய்க்கூட்டு: இதயத்தின் மேலறையும் கீழறையும் ஒத்திசையாமல் துடிப்பதால் களைப்பு, மூச்சிரைப்பு, கழுத்தில் துடிப்பு உண்டாகும். கருவியின் அமைப்பை மாற்றியோ, கூடுதல் கம்பி பொருத்தியோ சரிசெய்வர்.
* இதயத் தசை பலவீனம்: கீழறையை நெடுங்காலம் தூண்டுவதால் சிலருக்கு ஏற்படும். கால் வீக்கமும் சேரலாம். எக்கோ பரிசோதனையில் தெரியும்.
* இரத்தக்குழாய் அடைப்பு: நடக்கும்போது நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, கைக்குப் பரவும் வலி. கருவி துடிப்பை இயக்கும்போது ஈசிஜியில் மாரடைப்பைக் கண்டறிவது கடினம். எனவே கருவி இருப்பதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

சிவகாசிப் பகுதியில் கவனிக்க வேண்டியவை

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பகுதிகளில் பட்டாசுத் தொழில் பரவலாக உள்ளது. கந்தகம், அலுமினியத் தூள் போன்றவற்றின் தூசும் புகையும் இருமலையும் நெஞ்சிறுக்கத்தையும் தூண்டக்கூடும். இதனால் இரு தவறுகள் நேரலாம். ஒன்று, இதய வலியையும் மருந்துத் தூசு என்று ஒதுக்குவது. மற்றொன்று, நுரையீரல் கோளாறுக்கும் கருவியைக் குறை சொல்வது. மருத்துவரிடம் செய்யும் தொழிலையும் சொன்னால் இரண்டையும் தவிர்க்கலாம்.

மருத்துவர் சொல்லும் காலம் வரை, பொதுவாக 4 முதல் 6 வாரங்கள், அந்தப் பக்கக் கையால் குடம், பெட்டி போன்ற சுமைகளைத் தூக்கக் கூடாது. கையைத் தோளுக்கு மேல் உயர்த்தவும் கூடாது. ஆனால் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். கைப்பேசியைக் கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். வெல்டிங், ஜெனரேட்டர், பெரிய மோட்டார்களுக்கு அருகில் வேலை செய்வோர் வேலைக்குத் திரும்பும் முன் மருத்துவரின் அனுமதி பெற வேண்டும்.

உடனடி உதவி

நெஞ்சை அழுத்தும் வலி, மயக்கம், கடும் மூச்சுத்திணறல் ஏற்பட்டால் காத்திருக்காமல் 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். கருவியின் அடையாள அட்டை எப்போதும் கையில் இருக்க வேண்டும். உபாதை ஏதும் இல்லாவிட்டாலும், மருத்துவர் குறித்த நாளில் கருவியையும் அதன் மின்கலத்தையும் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.