நித்தியகல்யாணி இலைக்குள் ஒரு மருந்துக்கூடம்

ஆண்டு முழுவதும் பூக்கும் நித்தியகல்யாணியைப் பார்த்திருப்பீர்கள். மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட செடி இது. இதன் வேரில் அஜ்மலிசின் என்ற பொருள் சேர்கிறது. ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் மருந்துகளில் அது பயன்படுகிறது. இலையில் கிடைப்பவை வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும். குழந்தைகளைத் தாக்கும் ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் முக்கிய மருந்து.

இந்த மருந்துப் பொருள்கள் ஒரே இடத்தில் உருவாவதில்லை. இலை நரம்பை ஒட்டிய செல்களில் முதல் கட்ட வேலை தொடங்குகிறது. மேல்தோல் செல்களில் அது தொடர்கிறது. அங்கே உருவாகும் கேதரந்தின், பெரும்பாலும் இலைப்பரப்பின் மெழுகுப் பூச்சில் போய்ச் சேர்கிறது. விண்டோலின் என்ற மற்றொரு பொருளோ, உள்ளே பால் சுரக்கும் செல்களில் முழுமை பெறுகிறது. இவ்விரண்டும் இணைந்தால்தான் வின்பிளாஸ்டின். இரண்டும் தனித்தனியே இருப்பதால், ஒரு கிராம் மருந்துக்கே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை தேவைப்படுகிறது.

ஓர் எச்சரிக்கை: இவை வீரியமிக்க நச்சுப் பொருள்கள். நித்தியகல்யாணி இலையை மென்று தின்பதோ, கஷாயம் வைத்துக் குடிப்பதோ ஆபத்து. மருத்துவர் சொல்லாமல் எந்த மூலிகையையும் உட்கொள்ளாதீர்கள்.