அணுச் சிதறல் காரணி: எக்ஸ் கதிர்க் கணக்கீடுகளும் திருத்தங்களும்

அணுச் சிதறல் காரணி என்பது ஓர் அணு தன் மீது விழும் எக்ஸ் கதிரை எந்த அளவுக்குச் சிதறடிக்கிறது என்பதைக் குறிக்கும் எண் ஆகும். ஒரு கட்டற்ற எலக்ட்ரானின் சிதறலே இதற்கு அலகு. கதிர் விலகாமல் நேர்த்திசையில் செல்லும் நிலையில் இதன் மதிப்பு, அணுவிலுள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கையே ஆகும், தாமிரத்துக்கு 29. சிதறல் கோணம் கூடக் கூட மதிப்பு குறையும்.

தொடக்கநிலைப் பாடத்துக்கு இது போதும். ஆனால் அணுவிலுள்ள எலக்ட்ரான்கள் கட்டற்றவை அல்ல, அணுக்கருவால் பிணைக்கப்பட்டவை. கதிரின் ஆற்றல் ஓர் உட்கூட்டு எலக்ட்ரானின் பிணைப்பு ஆற்றலை நெருங்கும்போது சிதறல் வெகுவாகக் குறைகிறது. அதைத் தாண்டியதும் அந்த எலக்ட்ரான் வெளியேற்றப்படுவதால் உட்கவர்தல் திடீரென்று பல மடங்கு உயர்கிறது. இந்த இடம் உட்கவர் விளிம்பு எனப்படும். நிக்கலின் கே விளிம்பு 8,333 எலக்ட்ரான் வோல்ட். தாமிர இலக்குடைய எக்ஸ் கதிர்க் குழாயிலிருந்து வரும் கதிர்களில் 8,048 எலக்ட்ரான் வோல்ட் கதிரை மெல்லிய நிக்கல் தகடு பெருமளவு கடக்க விடும். 8,905 எலக்ட்ரான் வோல்ட் கதிரையோ பெரிதும் தடுத்துவிடும். ஆய்வகங்களில் இன்றும் பயன்படும் எளிய வடிகட்டி இது.

எனவே சிதறல் காரணியுடன் இரண்டு திருத்தங்கள் சேர்க்கப்படுகின்றன. மெய்ப்பகுதி சிதறலின் ஏற்ற இறக்கத்தையும், கற்பனைப்பகுதி உட்கவர்தலையும் குறிக்கும். உட்கவர்தல் எல்லா ஆற்றல்களிலும் தெரிந்தால், கிராமர்சு–குரோனிக் தொடர்பின் வழியே மெய்ப்பகுதியையும் பெறலாம். வசதியான தொடர்புதான், ஆனால் ஓர் ஆற்றலில் நேரும் உட்கவர்தல் பிழை மற்ற ஆற்றல்களின் மெய்ப்பகுதியையும் கெடுத்துவிடும்.

இத்திருத்தங்கள் வெறும் தசமப் புள்ளி விவகாரம் அல்ல. ஒரு மூலக்கூறும் அதன் கண்ணாடிப் பிம்பமும் சாதாரண எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் ஒன்றுபோலவே தோன்றும். கற்பனைப்பகுதியே அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. 1951இல் நெதர்லாந்தின் பைவூட் குழுவினர், ருபீடியம் அணுவின் இந்த விளைவைக் கொண்டு டார்டாரிக் அமிலத்தின் உண்மையான இட வல அமைப்பைக் கண்டறிந்தனர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் எஸ். இராமனும் 1956இல் இதே விளைவைக் கொண்டு படிக அமைப்பைக் காணும் முறையொன்றை வெளியிட்டனர்.

1970இல் குரோமர், லிபர்மன் ஆகியோர் சார்பியல் குவாண்டம் முறையில் செய்த கணக்கீடு படிகவியலாளர்களிடையே பரவலாகப் பயன்பட்டது. அதில் ஒரு குறை இருந்தது. இருமுனைத் தோராயத்தைப் பயன்படுத்தியதால், அணுவின் மொத்தப் பிணைப்பு ஆற்றலைச் சார்ந்த ஒரு சார்பியல் உறுப்பு, சரியான மதிப்பைப்போல் மூன்றில் ஐந்து பங்காக, அதாவது ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாக, அமைந்துவிட்டது. கிசெல், பிராட் இருவரும் 1990இல் இதற்கான திருத்தத்தை வெளியிட்டனர். இலேசான தனிமங்களில் இந்த வேறுபாடு புறக்கணிக்கத்தக்கது. யுரேனியத்திலோ ஏறத்தாழ ஓர் எலக்ட்ரான் அளவு. ஒளிவிலகல் எண்ணைத் துல்லியமாக அளக்கும் சோதனைகளில் இது பெரிய பிழையே.

பின்னர் சாண்ட்லர் 1995இல் ஐதரசன் முதல் யுரேனியம் வரை 92 தனிமங்களுக்கும் புதிய அட்டவணையை வெளியிட்டார். விளிம்புகளுக்கு அருகே முந்தைய கணக்கீடுகள் போதிய அளவு ஒருங்காத சிக்கலை, அணு எண் 30 முதல் 36 வரையும் 60 முதல் 89 வரையும் உள்ள தனிமங்களுக்கு 2000இல் மீண்டும் ஆராய்ந்தார்.

இவ்வட்டவணைகள் தனித்த அணுக்களுக்கானவை. சேர்மத்தில் அண்டை அணுக்களும் ஆக்சிசனேற்ற நிலையும் விளிம்பைச் சற்று நகர்த்தும். அதன் வடிவத்தையும் மாற்றும். அதனால், செலினியம் ஏற்றிய புரதப் படிகத்தை ஆராய்வோர் 12,658 எலக்ட்ரான் வோல்ட் அருகே அட்டவணையை மட்டும் நம்புவதில்லை. அந்தப் படிகத்தின் ஒளிர்வையே அளந்து, அதிலிருந்து இரு திருத்தங்களையும் கணக்கிடுகின்றனர்.