கதவுக்கு அடித்த பெயின்ட் நடைவண்டிக்கு ஆகாது

சென்ற மாதம் சாய்ந்தமருதில் எனது கடைக்கு ஓடாவி ஒருவர் ஆறு நடைவண்டிகளைக் கொண்டு வந்தார். நல்ல சிவப்பு, நல்ல மஞ்சள்.

"என்ன பெயின்ட் காக்கா?"

"கதவுக்கு அடித்து மிஞ்சின எனாமல்தான், முதலாளி."

சிக்கல் அங்கேதான். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை 2011 இல் பிறப்பித்து, 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பணிப்புரை, எனாமலில் கிலோவுக்கு 600 மில்லிகிராம் ஈயம் வரை இடமளித்தது. சிறுவர் விளையாட்டுப் பொருட்களுக்கான பெயின்டுக்கோ 90 தான். கதவைப் பிள்ளை கடிப்பதில்லை. நடைவண்டிக் கைபிடியைக் கடிக்கும். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மட்டெல் போன்ற பெரிய கம்பனியே 2007 இல் ஈயப் பெயின்டால் இலட்சக்கணக்கான பொம்மைகளைத் திருப்பி எடுத்தது.

"பெயின்ட் அடிக்காமல் வெறும் மரமாகத் தாருங்கள், அதே விலை தருகிறேன்" என்றேன். காக்காவுக்கு முகம் கறுத்தது. ஆறையும் ஏற்றிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்.