சார்பும் முரணும்: லினக்ஸ் வழங்கியில் பொதிச் சிக்கல்கள்

சார்பெழுத்து என்னும் இலக்கண வழக்கினைத் தமிழ் பயில்வோர் யாவரும் அறிவர். தொல்காப்பியர் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என மூன்றனைச் சார்பெழுத்தாகக் கொண்டார். நன்னூலார் அவற்றைப் பத்தாக விரித்தார். தனித்து இயங்காது, பிறிதொன்றைச் சார்ந்தே வருதல் அவற்றின் இயல்பு. கணிப்பொறியில் இயங்கும் மென்பொருள்களும் பெரும்பாலும் இவ்வியல்பினவே. ஒன்று இயங்குவதற்கு வேறொன்று உடனிருத்தல் வேண்டும். கணிப்பொறியாளர் 'டிபெண்டென்சி' என்று வழங்கும் அதனைச் 'சார்பு' என்றே நாம் குறிக்கலாம். இச்சார்புகள் தம்முள் முரண்படுங்கால், லினக்ஸ் இயங்குதளத்தில் அமைந்த வழங்கிக் கணிப்பொறியில் நேரும் சிக்கல் யாது, அதனை அவிழ்க்கும் முறை யாது என்பனவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த் துறை மலரில் இதற்கு என்ன வேலை என வினவுவார் இருக்கலாம். நம் மாநிலக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் அட்டைப் பட்டியல் பெட்டிகள் அகன்று, அவ்விடத்தில் 'கோஹா' என்னும் மென்பொருள் அமர்ந்துவிட்டது. நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்கென 1999இல் உருவாக்கப்பெற்று, 2000 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது இது. 'கோஹா' என்பது மவோரி மொழியில் கொடை எனப் பொருள்படும். பெயருக்கேற்ப, யாரும் விலையின்றிப் பயன்கொள்ளலாம். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் இது இயங்கும். அட்டைகளோ இன்று இல்லை. எனவே அவ்வழங்கி நின்றுவிடுமாயின், எந்த நூல் எந்த அடுக்கில் உள்ளது, யாரிடம் உள்ளது என்பதை எவராலும் சொல்ல இயலாது. பல்லாண்டு உழைத்து உள்ளிட்ட நூற்பட்டியல் ஒரு தவறான கட்டளையால் அழிந்துபோதலும் கூடும். ஆகவே இச்சிக்கல் கணிப்பொறித் துறையார் மட்டும் கவலைப்படும் ஒன்றன்று.

பொதி என்பது யாது?

லினக்ஸின் கருவினை 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். 1993இல் அயன் மர்டாக் என்பார் டெபியன் என்னும் வகையைத் தொடங்கினார். தம் காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் புணர்த்தி அவர் ஆக்கிய சொல் அது. ஒரு மென்பொருளுக்குரிய கோப்புகள் அனைத்தையும் கட்டி, அக்கட்டின்மேல் ஒரு சீட்டையும் ஒட்டித் தருவதே பொதி எனப்படும். அச்சீட்டில் பொதியின் பெயர், பதிப்பு எண், அது எவற்றைச் சார்ந்தது, எவற்றோடு உடனுறையாது என்பன எழுதப்பட்டிருக்கும். சீட்டைப் படித்துப் பொதியை நிறுவும் கருவி 'டிபிகேஜி' ஆகும்.

டிபிகேஜி கண்டிப்பான காவலர் போன்றது. சார்பு ஒன்று இல்லையெனில் 'இல்லை' என்று சொல்லுமேயன்றி, அதனைத் தேடிக் கொணராது. பயனாளரே தேட வேண்டும். தேடிக் கொணர்ந்த பொதி இன்னும் மூன்றைக் கேட்கும். அம்மூன்றும் வேறு சிலவற்றைக் கேட்கும். 'சார்பு நரகம்' என்று அந்நாளில் கணிப்பொறியாளர் இதனை வைதனர். 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1இல் 'ஆப்ட்' என்னும் கருவி சேர்ந்த பின்னர், களஞ்சியத்திலிருந்து சார்புகளையும் அதுவே கொணர்ந்து நிறுவியது. நரகம் முற்றும் நீங்கிற்று எனக் கூறவியலாது; அதன் வாயில் சற்றே குறுகிற்று எனலாம். 2023 சூனில் வெளிவந்த டெபியன் 12இன் களஞ்சியத்தில் 64,419 பொதிகள் இருந்தன. இத்துணைப் பெருங்கூட்டத்தில் பிணக்கின்றி இருத்தல் அரிதே.

ஏன் சார்ந்திருத்தல் வேண்டும்?

ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டியதைத் தானே வைத்துக்கொண்டால் பிணக்கு எழாதன்றோ என மாணவர் கேட்பர். நியாயமான வினாவே. நம் ஊர்களில் ஜமாஅத்திற்கெனத் தேக்சாக்களும் சஹன்களும் பொதுவில் இருக்கும். நிக்காஹ் நடக்கும் வீட்டார் அவற்றை எடுத்து ஆக்கி, கழுவித் திருப்பித் தருவர். வீட்டுக்கு வீடு பெருந்தேக்சா வாங்கி வைத்தல் வீண் செலவு, வைக்க இடமுமில்லை. இதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. செம்புத் தேக்சாவிற்கு ஈயம் பூசுதல் வேண்டும். பொதுப் பாத்திரத்திற்கு ஒருமுறை பூசினால் ஊர் விருந்துகள் அனைத்தும் நலமாக அமையும்.

'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்பது அத்தகைய பொதுப் பாத்திரம். இணையத்தில் செய்திகளை மறையாக்கி அனுப்ப எண்ணற்ற மென்பொருள்கள் இந்நிரலகத்தையே சார்ந்துள்ளன. 2014 ஏப்ரலில் இதில் 'ஹார்ட்பிளீட்' எனப்பட்ட கடுங்குறை ஒன்று வெளிப்பட்டது. வழங்கியின் நினைவகத்திலுள்ள மறைச்செய்திகளை அயலார் உறிஞ்சிக்கொள்ள அது வழிசெய்தது. நிரலகம் பொதுவாக இருந்த வழங்கிகளில் அந்த ஒரு பொதியினை மாற்றி, அதனைப் பயன்படுத்தும் சேவைகளை மீளத் தொடங்கியதும் அனைத்தும் காப்புற்றன. தத்தமக்கெனத் தனிப்படி வைத்திருந்த மென்பொருள்களையோ ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியதாயிற்று.

முரண் தோன்றுமாறு

ஆய்வேடு எழுதுவோர் இதனை எளிதில் உணர்வர். ஒருவர் ஒரு நூலின் முதற்பதிப்பைக் கொண்டு பக்க எண் சுட்டி அடிக்குறிப்பு இடுகிறார். நூலகத்தில் இப்பொழுது மூன்றாம் பதிப்பே உள்ளது, பக்கங்கள் மாறிவிட்டன. நூல் அதுவே, ஆயினும் அடிக்குறிப்புக் குருடாகிவிடுகிறது. நிரலகத்தின் பதிப்பு மாறும்போதும் இதுவே நேர்கிறது. (பதிப்பு எண்ணைத் தசமமாகக் கருதிவிடலாகாது. 1.10 என்பது 1.9இனும் பிந்தியது. இதனை மறந்து மயங்குவோர் பலர்.)

உண்மை நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். 2022 ஏப்ரலில் உபுண்டு 22.04 வெளிவந்தபோது ஓப்பன்எஸ்எஸ்எல்லின் மூன்றாம் பதிப்பே அதில் இருந்தது, பழைய 1.1 களஞ்சியத்தினின்று நீக்கப்பட்டது. மாங்கோடிபி என்னும் தரவுத்தளத்தின் அன்றைய பொதிகளோ பழையதையே சார்ந்திருந்தன. நிறுவ முயன்றோர்க்கு 'லிப்எஸ்எஸ்எல்1.1 தேவை, ஆனால் அது நிறுவத்தக்கதன்று' என்னும் பொருள்பட மறுமொழி வந்தது. பலர் பொறுமையிழந்து, பழைய உபுண்டுவிலிருந்து அந்நிரலகத்தை எடுத்துவந்து பொருத்தினர். மென்பொருளும் இயங்கிற்று. ஆனால் புதிய களஞ்சியத்தில் இல்லாத அப்பொதிக்குப் பாதுகாப்புத் திருத்தம் எவ்வழியாக வரும்? ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1க்கு அதன் ஆக்கியோர் அளித்த பொது ஆதரவும் 2023 செப்டம்பரில் முடிந்தது. ஈயம் தேய்ந்த பாத்திரத்தில் ஆக்கும் சோறு அன்றைக்கு நன்றாகவே இருக்கும்.

இரண்டாம் வகை முரண், ஓரிடத்திற்கு இருவர் போட்டியிடுவது. மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளத்தை ஆக்கியோருள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், 2009இல் அதிலிருந்து பிரித்து மரியாடிபியைத் தொடங்கினார். 'மை', 'மரியா' என்பன அவர்தம் மகளிர் இருவரின் பெயர்கள். பெயரால் உடன்பிறந்தாராயினும் இத்தரவுத்தளங்கள் வழக்கமான முறையில் ஒரே வழங்கியில் உடனுறைய ஒவ்வா. இரண்டும் ஒரே அடைவில் தரவினை வைக்கும். 3306 என்னும் ஒரே வாயிலில் அமரும். ஒரே பெயருடைய நிரல்களைக் கொணரும். ஆதலின் 'இதனுடன் அது கூடாது' என்று சீட்டிலேயே எழுதப்பட்டுள்ளது. கோஹா வழங்கியில் மரியாடிபி இயங்கிக்கொண்டிருக்க, வேறொரு தேவைக்காக மைஎஸ்க்யூஎல்லை நிறுவக் கட்டளையிட்டால், ஆப்ட் மறுக்காமல் 'பின்வரும் பொதிகள் நீக்கப்படும்' என்று ஒரு பட்டியலைக் காட்டி ஒப்புதல் கேட்கும். அதில் மரியாடிபி இருக்கும். படியாமல் 'ஆம்' என்று தட்டினால் நூலகத்தின் சேவை அக்கணமே நிற்கும்.

மூன்றாவதும் மிகுதியாகக் காணப்படுவதும் கலப்பால் வருவது. டெபியன் 12இல் அடிப்படை நிரலகமான ஜிலிப்சியின் பதிப்பு 2.36, டெபியன் 13இல் 2.41. ஒரேயொரு புதிய மென்பொருளுக்கு ஆசைப்பட்டு, 12இன் வழங்கியில் 13இன் களஞ்சிய முகவரியைச் சேர்ப்போர் உளர். புதிய மென்பொருள் புதிய ஜிலிப்சியைக் கேட்கும். வழங்கியிலுள்ள ஏறத்தாழ அனைத்தும் ஜிலிப்சியைச் சார்ந்தவை. அதனை அசைத்தால் பலவும் அசையும். இவ்வாறு ஒட்டுப்போட்ட நிலையை டெபியன் அன்பர்கள் 'ஃபிராங்கன்டெபியன்' என எள்ளுவர். என் கருத்தில், பொதி முரண்களுள் பெரும்பாலானவற்றிற்குக் காரணம் பொதிகள் அல்ல. இத்தகைய மனிதக் கலப்பே.

அவிழ்க்கும் முறை

முதலில் தரவுக்குப் படியெடுத்தல் வேண்டும். 'மரியாடிபி-டம்ப்' என்னும் கட்டளையால் நூற்பட்டியலைக் கோப்பாக்கி, வேறொரு கணிப்பொறியில் வைத்த பின்னரே வேறெதனையும் தொடல் வேண்டும். 'ரிமூவ்' என்பதற்கும் 'பர்ஜ்' என்பதற்கும் வேற்றுமை பெரிது. முன்னது நிரலை நீக்கித் தரவினை விட்டுவைக்கும். பின்னது அமைப்புக் கோப்புகளையும் நீக்கும். தரவுத்தளப் பொதியாயின் தரவினையும் அழிக்கலாமா என வினவும்.

அடுத்து, பிழைச்செய்தியை முழுமையாகப் படித்தல் வேண்டும். 'உடைந்த பொதிகளை நிறுத்தி வைத்துள்ளீர்' என்னும் பொருள்பட ஆப்ட் கூறும் தொடர் ஒன்றுண்டு. பயனாளர் எதனையும் நிறுத்தி வைக்காதபோதும் இது வரும். மொழிநடையால் மக்களை மயக்கிய பிழைச்செய்திகளுள் இதற்கே முதலிடம் தரலாம். 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' எனக் கேட்டால் உண்மையில் நிறுத்தப்பட்டவை எவையெனத் தெரியும். அங்கு ஒன்றும் இல்லையெனில், அத்தொடரைப் பொருட்படுத்தாது அதற்கு மேலுள்ள வரிகளை நோக்குக. எப்பொதி, எதனை, எப்பதிப்பில் கேட்கிறது என்பது அங்கேதான் உள்ளது.

பின்னர் அக்கேட்கப்பட்ட பொதியின் பெயரை 'ஆப்ட்-கேஷ் பாலிசி' என்னும் கட்டளையோடு தருக. நிறுவப்பட்ட பதிப்பு, கிடைக்கக்கூடிய பதிப்புகள், அவை எக்களஞ்சியத்தைச் சேர்ந்தவை என்னும் மூன்றும் வெளிப்படும். நிறுவப்பட்ட பதிப்பு எக்களஞ்சியத்திலும் இல்லையெனில், அது வெளியிலிருந்து வந்த பொதி என்பது தெளிவு. சிக்கலின் வேர் பெரும்பாலும் அதுவே. அயற்களஞ்சிய முகவரியை நீக்கி, பட்டியலைப் புதுப்பித்து, அப்பொதியைத் தாய்க்களஞ்சியத்தின் பதிப்புக்கு இறக்குதல் வேண்டும். ஆப்ட் தானாகப் பதிப்பை இறக்காது. பதிப்பெண்ணைக் குறித்துக் கேட்டாலன்றி, அல்லது முன்னுரிமை எண் 1000 எனவோ மேலாகவோ அமைத்தாலன்றி, அதற்கு இசையாது.

எதனைச் செய்வதற்கு முன்னும் 'சிமுலேட்' என்னும் சொல்லைச் சேர்த்துக் கட்டளையிட்டால், ஆப்ட் ஒன்றும் செய்யாது, செய்யவிருப்பதை மட்டும் ஒப்பிக்கும். நீக்கப்படுவன எவை என்னும் பகுதியே அதில் உயிரானது. மின்தடை போன்றவற்றால் பாதியில் நின்ற நிறுவலை 'டிபிகேஜி கான்ஃபிகர்' நிறைவு செய்யும். அறுபட்ட சார்புகளை 'ஃபிக்ஸ்-புரோக்கன்' சேர்த்துத் தர முயலும். 'ஃபோர்ஸ்' எனத் தொடங்கும் கட்டளைகளோ சீட்டைக் கிழித்துவிட்டுப் பொதியைத் திணிப்பன. அவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

வற்புறுத்தலின் விளைவை 2021 நவம்பரில் உலகம் கண்டது. கனடாவைச் சேர்ந்த புகழ்பெற்ற காணொளித் தயாரிப்பாளர் ஒருவர் பாப் ஓஎஸ் என்னும் லினக்ஸில் விளையாட்டு மென்பொருள் ஒன்றை நிறுவ முயன்றார். பொதி முரணால் ஆப்ட், கணிப்பொறியின் திரைச்சூழலையே நீக்க முன்வந்து, 'ஆம், நான் சொன்னபடி செய்' என்று முழுத்தொடரையும் தட்டச்சிடுமாறு கேட்டது. அவரும் தட்டினார், திரைச்சூழல் போயிற்று. அதன்பின் ஆப்ட்டை ஆக்குவோர், அவ்வாறு தட்டச்சிட்டு இன்றியமையாப் பொதிகளை நீக்கும் வழியையே அடைத்தனர்.

கருவியே ஏன் தீர்க்கலாகாது?

முப்பது பொதிகளில் ஒவ்வொன்றையும் கொள்ளலாம் அல்லது தள்ளலாம் என்றால், வழிகள் நூற்றேழு கோடியைக் கடக்கும். முரண் என்பதே இல்லாவிடில் இத்தேடல் எளிது. 'இது அல்லது அது' என்னும் தெரிவும் 'இதனுடன் அது கூடாது' என்னும் விலக்கும் கூடியவிடத்து, 1971இல் ஸ்டீபன் குக் மிகக் கடினமானதெனக் காட்டிய தருக்கக் கணக்கிற்கு இது நிகராகிவிடுகிறது. எல்லா நிலைக்கும் விரைந்து விடைதரும் வழிமுறை எதனையும் இதுவரை எவரும் கண்டிலர். நடைமுறையில் கருவிகள் பெரும்பாலும் விடை கண்டுவிடுகின்றன. 2025இல் வெளிவந்த ஆப்ட் 3.0இல் புதிய தீர்வுப்பொறி ஒன்றும் சேர்ந்துள்ளது. ஆயினும் கருவி காணும் விடை தருக்கத்திற்குப் பொருந்திய விடை மட்டுமே. மரியாடிபியை நீக்குதலும் தருக்கப்படி சரியான விடையே. அதனுள் நம் நூற்பட்டியல் உள்ளது என்பது கருவிக்குத் தெரியாது, நூலகருக்குத் தெரியும்.

இரு மென்பொருள்கள் எவ்வாற்றானும் இணங்காவிடின், ஒன்றனைக் 'கண்டெய்னர்' என்னும் தனியறையில் அடைத்து வைக்கலாம். 2013இல் வெளிவந்த டாக்கர் இம்முறையைப் பரப்பிற்று. அவ்வறையில் பழைய நிரலகமும் பழைய மென்பொருளும் தம்முள் இணங்கி வாழும். வெளியிலுள்ள கோஹாவைத் தீண்டா. ஆனால் வழங்கியைப் புதுப்பிக்கும்போது அவ்வறைக்குள் இருப்பது புதுப்பிக்கப்படாது. அத்தேக்சாவிற்கு அவ்வீட்டாரே ஈயம் பூசிக்கொள்ள வேண்டும். எனவே எந்த அறையில் எந்த நிரலகம் எந்தப் பதிப்பில் உள்ளது என ஒரு குறிப்பேட்டில் எழுதி, வழங்கியின் அருகிலேயே வைத்தல் நன்று.