நிற்கும் பயிரில் ரசாயன பரிசோதனை

கரும்பு முற்றிவிட்டதா என்பதை அறியக் கடலூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் அடையாளங்கள் பல. தோகை மஞ்சளித்து வளர்ச்சி நின்றிருத்தல், தட்டினால் கணீரென்று ஓசை எழுதல், வளைத்தால் கணுவில் ஒடிதல், வெட்டிய முகத்தை வெயிலில் சாய்த்தால் சர்க்கரைத் துகள்போல் மின்னுதல் ஆகியவை அவற்றுட் சில. கண்ணும் கையும் பழகியவர்களுக்கு இவை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆயினும் எவ்வளவு முற்றியது, இன்னும் எத்தனை நாள் பொறுக்கலாம் என்ற கேள்விக்கு இவற்றில் விடை கிடையாது. ரசாயன சாலையில் கேட்பதானால் கரும்பை வெட்டிப் பிழிந்து சாற்றை அனுப்ப வேண்டும். இலையிலுள்ள சத்தை அறிவதற்கும் இலையைப் பறித்து உலர்த்திப் பொடித்து அமிலத்தில் கரைப்பதே வழக்கம். முடிவு வந்து சேருமுன் பயிரின் நிலை மாறிவிடுவதும் உண்டு.

பயிரை வெட்டாமலும் அரைக்காமலும் அதனுள் இருக்கும் பொருள்களை அறிய இயலுமா என்பது விஞ்ஞானிகள் பல காலமாக ஆராய்ந்து வந்த விஷயம். அதற்கு உதவிய யந்திரம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்பது. இதன் தத்துவத்தைக் களத்து வேலை அறிந்தவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நெல்லைத் தூற்றும்போது காற்று பதரை எட்டத் தள்ளி மணியைக் கிட்டவே விழவிடுகிறது. அதுபோலவே பொருளின் மிக நுண்ணிய கூறுகளுக்கு மின்சாரம் ஏற்றிக் காற்றில்லாத குழாயில் ஓடவிட்டு, மின்சக்தியாலோ காந்தத்தாலோ திருப்பினால், கனமானவை குறைவாகவும் லேசானவை அதிகமாகவும் விலகும். விலகும் அளவைக் கொண்டு ஒவ்வொன்றின் எடையையும், எடையைக் கொண்டு அது இன்ன பொருள் என்பதையும் கணிக்கலாம். இங்கிலாந்தில் ஜே. ஜே. தாம்ஸன் தொடங்கிய இவ்வேலையை ஆஸ்டன் 1919-இல் செம்மைப்படுத்தினார். ஆனால் அக்காலத்துக் கருவிகளுக்கு ஆவியாகக்கூடிய பொருளே வேண்டியிருந்தது. திரவத்தை மின்சாரத்தால் நுண்துளிகளாகத் தெறிக்கச் செய்து, அதிலுள்ள பெரிய கூறுகளைச் சிதையாமல் யந்திரத்துள் செலுத்தும் முறையை வகுத்ததற்காக அமெரிக்கராகிய ஜான் ஃபென் 2002-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

அமெரிக்காவில் பர்தூ சர்வகலாசாலையைச் சேர்ந்த கிரஹாம் குக்ஸ் முதலியோர் 2011-இல் இதை இலைக்கே பொருத்திக் காட்டினர். இலையின் நுனியைக் கூராக நறுக்கி, அதன்மேல் மெதனால் என்னும் சாராய வகை ஒரு துளி இட்டு, சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், இலையின் சாறே நுனியிலிருந்து மெல்லிய தூவானமாகப் புறப்பட்டு யந்திரத்தின் வாயில் நுழைகிறது. அரைப்பதும் வடிப்பதும் இல்லை. சில நிமிஷங்களில் வேலை முடிந்துவிடும். இலை செடியிலிருக்கும்போதே இதைச் செய்யலாம்; செடிக்கு நேரும் சேதம் ஆடு ஒரு வாய் கடித்ததைவிடக் குறைவு.

நம் ராஜதானிப் பட்டணத்திலும் இவ்வாராய்ச்சி நடைபெற்றுள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப் அவர்களும் உடன் உழைப்போரும் 2012-இல் துளசி இலையை இம்முறையில் சோதித்தனர். துளசியின் மருந்துக் குணத்துக்குக் காரணமானவற்றுள் அர்சாலிக் அமிலம், ஒலியனாலிக் அமிலம் என்ற இரண்டும் முக்கியமானவை. இலை பழசாக ஆக, இவை பிராணவாயுவுடன் கூடி வேறு பொருள்களாக மாறும் அளவு மிகுந்து வருவதை அவர்கள் இலையிலிருந்தே நேராகக் கண்டனர். வழக்கமான முறையில் சாறெடுத்துச் சோதித்தபோதும் அதே போக்குத் தென்பட்டது. மறு ஆண்டில் அதே ஆய்வுசாலையில் நித்தியகல்யாணியின் இலையையும் பூவிதழையும் மெல்லிய தகட்டின்மேல் அழுத்தி எடுத்த அச்சைக் கொண்டு, எந்தப் பாகத்தில் எந்தப் பொருள் பரவியிருக்கிறது என்பதைப் படமாக்கினர். வேலியோரத்தில் தானே முளைக்கும் அச்செடியிலிருந்து புற்றுநோய்க்குரிய மருந்துகள் கிடைக்கின்றன என்பதைப் பலர் அறிவார்கள். பூச்சி கடித்தபோதும் நோய் கண்டபோதும் செடியின் உட்பொருள்கள் மாறுவதை இவ்வகையில் பார்க்கக்கூடும் என்பதே விவசாயத்துக்கு இதனால் உள்ள பெரிய நம்பிக்கை.

இவ்வளவும் உண்மையாயினும், இந்த யந்திரம் நாளையே வரப்புக்கு வந்துவிடும் என்று எவரும் எண்ணவேண்டா. அதன் விலை அதிகம். அதை இயக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும். காற்றை வெளியேற்றும் பம்பு ஓயாமல் ஓடவேண்டும். பர்தூவில் கையில் தூக்கிச் செல்லத்தக்க சிறிய யந்திரங்களும் செய்யப்பட்டுள்ளன. எனினும் ஒரு மிராசுதார் வாங்கத்தக்க பொருளாக அவை இன்னும் ஆகவில்லை.

ஆனால் நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்புப் பக்கங்களில் ஆலைக்குக் கரும்பு அனுப்புவோர், இதே நோக்கமுள்ள வேறொரு சிறு கருவியை இன்றே உபயோகிக்கலாம். கை ரிஃப்ராக்டோமீட்டர் எனப்படும் பிரிக்ஸ் மானியே அது. நிற்கும் கரும்பில் துளையூசியால் குத்தி எடுத்த இரண்டொரு துளிச் சாற்றைக் கண்ணாடியின்மேல் இட்டு, மூடியை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நிழலும் ஒளியும் சந்திக்கும் கோட்டில் சாற்றில் கரைந்துள்ள பொருளின் சதவீதம் தெரியும். கரும்பு அடியிலிருந்து மேல்நோக்கி முற்றுவதால் அடிப்பாகம் ஒன்று, நுனிப்பாகம் ஒன்று என இரண்டு இடங்களில் பார்க்கவேண்டும். பிரிக்ஸ் 18 முதல் 20 வரை காட்டி, நுனியின் அளவு அடியின் அளவுக்கு ஏறத்தாழச் சமமானால் அது வெட்டும் பக்குவம். நுனி மிகவும் குறைந்திருந்தால் பொறுக்கவேண்டும். அடி குறைந்து நுனி மிஞ்சினாலோ பருவம் கடந்துவிட்டது. தேங்கியிருந்த சர்க்கரை சிதையத் தொடங்கிவிட்டது.

சோதனையில் கவனக்குறைவு கூடாது. வேலைக்கு முன் சுத்த நீரை இட்டு, கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். பழைய கருவிகள் 20 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்துக்கு அமைந்தவை. நம் வெயிலில் 30 டிகிரியில் பார்த்தால் முக்கால் அளவு கூட்டிக்கொள்வது முறை. மழை பெய்தவுடனும் நீர் பாய்ச்சியவுடனும் பார்த்த கணக்கு நம்பத்தக்கதன்று. வரப்போரத்துக் கரும்பை விட்டு, வயலின் உட்புறத்தில் பல தூர்களில் பார்த்துச் சராசரி எடுக்கவேண்டும். செவ்வழுகல் கண்ட தூரில் குத்திய ஊசியைத் துடைக்காமல் அடுத்ததில் குத்துவது நோயைக் கையால் நட்டு வைப்பதாகும். கடலூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் உண்டாக்கப்பட்டுச் சர்க்கரைச் செறிவுக்குப் பேர்போன கோ.சி. 671 ரகம் இந்நோய்க்கு எளிதில் இரையாவது; அதைப் பயிரிட்டவர்கள் இதை மறக்கலாகாது.

பணக்கணக்கும் இங்கே உண்டு. 2025-26 பருவத்துக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த விலை, சர்க்கரைக் கட்டுமானம் 10.25 சதவீதத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். ஒவ்வொரு 0.1 சதவீத உயர்வுக்கும் 3 ரூபாய் 46 காசு கூடும், குறைந்தால் அவ்வாறே குறையும், 9.5-க்குக் கீழ் போனாலும் 329 ரூபாய் 5 காசுக்குக் குறையாது. ஏக்கருக்கு 40 டன் எடுத்தவருக்கு 0.1 என்பது 1,384 ரூபாயாகும். ஆயினும் கட்டுமானம் ஆலை முழுவதற்கும் சராசரியாகக் கணிக்கப்படுவதால், ஒருவர் மட்டும் பக்குவம் பார்த்து வெட்டி அண்டை வயல்காரர் பச்சைக் கரும்பை அனுப்பினால், முன்னவரின் உழைப்பு பின்னவரின் கணக்கில் கரைந்துபோகிறது. இது நியாயமான குறையே. ஆகையால் ஊரிற் பலர் சேர்ந்து ஒரு கருவி வாங்கி, வெட்டு முறையை அதன்படி வகுக்குமாறு ஆலையின் கரும்பு அலுவலரைக் கேட்பது பயன் தரும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர்க் கரையில் அடித்ததுபோன்ற சமயங்களில் சாய்ந்த கரும்பு பக்கக் குருத்து விட்டுச் சர்க்கரையை இழக்கும். எந்த வயலை முதலில் வெட்டுவது என்ற வழக்கை அப்போது தீர்க்க, கிராம அலுவலர்களுக்கும் இக்கருவியின் எண்ணே ஆதாரமாகும்.

சிதம்பரம் தாலுகாவில் வீராணம், கீழணைப் பாசனத்தில் நெல் விளைவிப்போருக்கு இதனினும் மலிவான சோதனை இலை வண்ண அட்டை. நட்ட 14-ஆம் நாள் முதல் கதிர் வரும்வரை வாரம் ஒருமுறை, வெயில் ஏறுமுன், தன் உடல் நிழலில், நன்றாக விரிந்த இளைய இலைகளில் பத்தை அட்டையோடு ஒப்பிடவேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது எல்லை. பத்தில் ஆறு இலை எல்லைக்கு வெளுத்திருந்தால் மாத்திரமே யூரியா இடவேண்டும். இலையைக் கிள்ளவும் தேவையில்லை.