சுவருக்குள் மறையும் கம்பி

வீட்டில் ஓர் அறையைத் திரையரங்கு போல் அமைக்கும்போது ஒலிபெருக்கிக் கம்பிகளைச் சுவருக்குள் பதித்துவிடுவார்கள். பூச்சு வேலை முடிந்த பின் அவற்றை மாற்றுவது கடினம். எனவே எவ்வளவு தடிமனான கம்பி வேண்டும் என்பதை முன்பே கணக்கிட வேண்டும். எப்படி?

1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உடைய தாமிரக் கம்பியின் மின்தடை சுமார் 0.017 ஓம். ஆம்பிளிபயரிலிருந்து ஒலிபெருக்கி 10 மீட்டர் தொலைவில் இருந்தால், மின்னோட்டம் போய்வர 20 மீட்டர் கம்பி தேவை. அதன் தடை 0.34 ஓம். ஒலிபெருக்கியின் தடை 8 ஓம் எனக் கொள்வோம். இரண்டும் தொடரிணைப்பில் உள்ளன. ஆகவே மொத்தத் திறனில் 0.34/8.34 பங்கு, அதாவது சுமார் 4 விழுக்காடு, கம்பியிலேயே வெப்பமாக வீணாகும். 4 ஓம் ஒலிபெருக்கியானால் இழப்பு ஏறக்குறைய 8 விழுக்காடு! அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால் இழப்பு சுமார் 3 விழுக்காடாகக் குறையும்.

இன்னொன்றும் முக்கியம். 230 வோல்ட் மின்கம்பியையும் ஒலிபெருக்கிக் கம்பியையும் ஒரே குழாயில் செலுத்தக் கூடாது. காப்புறை பழுதாகி இரண்டும் தொட்டுக்கொண்டால், ஒலிபெருக்கியின் முனையைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே மாணவர்களே, மின் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்யட்டும். கம்பிக் கணக்கை நீங்கள் போட்டுக் கொடுங்கள்!