கலிங்கும் வேஸ்ட்கேட்டும்

செங்கற்பட்டு நாடு ஏரிகளால் வாழும் நாடு. மதுராந்தகத்துப் பேரேரி முதல் திருப்போரூரை அடுத்த தையூர் ஏரி ஈறாக எவ்வேரியை நோக்கினும், அதன் கரையில் கல்லாற் கட்டிய கலிங்கு ஒன்று இருத்தலைக் காணலாம். மதகு பயிருக்கு நீர் விடுவது. கலிங்கோ மிகைநீரைப் புறத்தே போக்கிக் கரையைக் காப்பது. கலிங்கில்லாத ஏரி பெருமழைக்கு நில்லாது என்பதை நம் உழவர் நன்கறிவர். இவ்வுண்மை மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கும் பொருந்துமாற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருப்போரூரினின்று பழைய மாமல்லபுரம் சாலைவழியே தெற்கே செல்வோர் பையனூரைக் கடப்பர். டர்போசார்ஜர் என்னும் கருவியைச் செய்யும் டர்போ எனர்ஜி நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று அவ்வூரில் உளது. அக்கருவி யாதெனில் கூறுதும். எஞ்சினில் எரிந்து வெளிவரும் வெம்புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் புறக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் செலுத்தும். காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம், ஆற்றலும் மிகும். வீணாய்ப் போகும் புகையைக்கொண்டே வேலை வாங்கும் இம்முறைக்கு ஸ்விட்சர்லாந்து நாட்டினரான ஆல்பிரட் பூக்கி என்பார் 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். கார்களில் அமையும் இச்சக்கரம் நிமிஷத்திற்கு 1,00,000 சுற்றுக்கு மேலும் சுழல வல்லது.

ஆயின் இதில் ஓர் இடர் உண்டு. புகை மிகுந்தால் உட்புகும் காற்று மிகும். காற்று மிகுந்தால் புகை மேலும் மிகும். இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும் இவ்விரண்டிற்கும் தடையொன்று இல்லையேல், உள்ளழுத்தம் எல்லை கடக்கும். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருட்கலவை உரிய முறையில் எரியாது, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே வெடிக்கத் தொடங்கும். பிஸ்டன் உடையும் அல்லது உருகும். சக்கரமும் தன் அளவுக்கு மீறிச் சுழன்று சிதறும். இதனைத் தடுக்கவே, புகையின் ஒரு பகுதியைச் சக்கரத்தில் மோதாதவாறு புறவழியே விலக்கும் வால்வு ஒன்று அமைத்தனர். அதுவே வேஸ்ட்கேட். 1962இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்பயர் காரிலேயே அஃது இருந்தது. 1978இல் விற்பனைக்கு வந்த ஸ்வீடன் நாட்டுச் சாப் 99 டர்போ அதனைப் பலரும் அறியச் செய்தது.

வேஸ்ட்கேட் இருவகைப்படும். சக்கரத்தின் கூட்டுக்குள்ளேயே சிறு துளையும் அதனை மூடும் தட்டுமாக அமைவது அகவகை. சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு அதுவே போதும். புகை டர்போவை அடையுமுன்னரே, குழாயினின்று கிளைபிரித்து, தனி வால்வாகப் பொருத்துவது புறவகை. பெரிய டர்போ பூட்டிய பந்தயக் கார்களுக்கு இது வேண்டப்படும்.

இதனைப் பொருத்துவோர் முதலாவது கருத வேண்டுவது இடம். எல்லாச் சிலிண்டர்களின் புகையும் ஒன்றுகூடும் இடத்தில் கிளை பிறத்தல் வேண்டும். அதுவும் புகையின் ஓட்டத்தோடு சாய்வாகப் பிரிய வேண்டும். செங்குத்தாகவோ எதிர்முகமாகவோ வைத்தால், திறந்த வழியிருந்தும் புகை அதில் திரும்பாது, நேரே சக்கரத்தை நோக்கியே பாயும். வெள்ளம் திரும்பாத இடத்திற் கட்டிய கலிங்கினால் யாது பயன்?

இரண்டாவது அளவு. 38, 44, 60 மில்லிமீட்டர் எனப் பல அளவுகளில் இவ்வால்வுகள் கிடைக்கும். மிக்க அழுத்தம் விரும்புவோர்க்கே பெரிய வால்வு வேண்டும் என்று பலர் எண்ணுவர். உண்மை இதற்கு மாறானது. ஒரே எஞ்சினில், அழுத்தத்தைத் தாழ்வாக நிறுத்த விரும்பினால் மிகுதியான புகையை விலக்க வேண்டியிருத்தலின், அதற்கே பெரிய வால்வு தேவை. வால்வு சிறிதாயின், அது முழுதும் திறந்த பின்னரும் எஞ்சினின் வேகத்தோடு அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

மூன்றாவது ஸ்பிரிங். கலிங்கின் மட்டம் ஏரியின் நீர்மட்டத்தை வரையறுத்தல்போல, இந்த ஸ்பிரிங்கின் வலிமையே அழுத்தத்தின் கீழெல்லையை வரையறுக்கும். அதற்குக் கீழே அழுத்தத்தை நிறுத்த எக்கருவியாலும் இயலாது. மேலே உயர்த்தத் தனிக் கருவிகள் உள. கலிங்கின்மேல் நட்ட கற்களுக்கிடையே பலகையும் மண்ணும் அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துவது போன்றது அது. கரையின் வலிமையறிந்தே அதனைச் செய்தல் வேண்டும்.

நான்காவது, அழுத்தத்தை அறிவிக்கும் சிறுகுழாய். அது டர்போவின் காற்று வெளிவரும் வாயினின்று வால்வின் கீழ்த்துளைக்குச் செல்ல வேண்டும். அது கழன்றாலும் வெப்பத்தால் உருகினாலும் வால்வுக்குச் செய்தி எட்டாது. எட்டாதபோது அது உரிய காலத்தில் திறவாது. ஆதலின் குழாயைக் குறுகலாகவும் வெப்பத்திற்கு அப்பாலும் அமைக்க. பற்றவைக்கும்போது வால்வைக் கழற்றி வைக்க. இன்றேல் சூட்டினால் அதன் இருக்கை கோணும். பழைய அகவகைத் தட்டு இருப்பின் அதனை அசையாதபடி மூடிவிட வேண்டும். முடிவில், மெலிந்த ஸ்பிரிங்கோடு தொடங்கி, அழுத்தமானியைப் பார்த்தவாறே சிறிது சிறிதாகச் சோதித்தல் நலம். எரிபொருளின் அளவையும் புதிய நிலைக்கேற்பத் திருத்த வேண்டும்.

விலக்கிய புகையை எங்கே விடுவது? இளைஞர் சிலர் அதனை நேரே வெளியே விட்டு, அப்பேரொலியை ஆற்றலென்று மயங்குவர். அவ்வாறு விட்டால் புகை தூய்மை செய்யும் கருவியைத் தொடாமலே காற்றிற் கலக்கும். சாலையோரத்து வீடுகளில் உறங்குவோர்க்கும் துன்பமாம். புகைக்குழாயோடு மீண்டும் சேர்ப்பதே முறை. அன்றியும், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, செய்தோர் குறித்த அமைப்பினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றுதலைத் தடுக்கின்றது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஆகவே இவ்வேலைக்குரிய இடம் கிழக்குக் கடற்கரைச் சாலையன்று. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் உள்ளது போன்ற பந்தயக் களமே. சாலையிற் கெடுவது ஓட்டுவோன் எஞ்சின் மட்டுமன்று. எதிரே வரும் ஏழையின் உயிருமாம்.

டர்போவை வாங்கிய பின்னர் மீந்த பணத்தில் வேஸ்ட்கேட்டைத் தேடுவோர் பலர். நம் முன்னோரோ ஏரிக்குக் கரை எழுப்பியபோதே கலிங்கின் இடத்தையும் அகலத்தையும் குறித்தனர். ஆற்றலைப் பெருக்க முற்படுவோர் அதன் எல்லையை முன்னதாக வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். வெள்ளம் வந்தபின் கலிங்கு கட்டுவார் இலர்.